ஒன்பதுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரு மேடம்

எங்கள் மேடம் ஒன்றை நல்லது என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவசரப்பட்டுக் கெட்டது என்று சொல்லியும் கேட்டதில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு புறம்போக்கு நிலம் இருக்கிறது. அங்கேதான் அவர் குடியிருந்தார்.

ஓசூர் தொழிற்பேட்டையில் கியர் செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் தரக்கட்டுப்பாட்டுத் தலைவி. நான் அவருக்குக் கீழே, வெளியிலிருந்து வரும் சரக்கைச் சோதித்து எடுக்கும் ஆள். சரக்கு சரியாக இருந்தால் பச்சை டேக் கட்ட வேண்டும். சரியில்லை என்றால் சிவப்பு. சந்தேகம் என்றால் மஞ்சள். அதற்கு ஹோல்டு என்று பெயர். மஞ்சள் கட்டிய சரக்கை எடுத்து மெஷினில் ஓட்டவும் கூடாது, திருப்பி அனுப்பவும் கூடாது. அப்படியே கிடக்க வேண்டும். மற்ற கம்பெனிகளில் பச்சை டேக்தான் சீக்கிரம் தீரும். எங்களிடம் தீர்ந்துகொண்டே இருந்தது மஞ்சள். மேடத்தின் கைப்பையைத் திறந்தால் சீப்பு, குடை, ஒரு கட்டு மஞ்சள் டேக்.

வேலைக்குச் சேர்ந்த அன்று என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "உன்னப் பத்திச் சொல்லுப்பா" என்றார்.

"நல்லா உழைப்பேன் மேடம்."

"எதை வெச்சுச் சொல்ற?"

எனக்கு விக்கல் வந்துவிட்டது. பதற்றம் வந்தால் மற்றவர்களுக்கு வியர்க்கும், கை நடுங்கும். எனக்கு விக்கல். விக்கினால் யாரோ நினைக்கிறார்கள் என்பார்கள். அந்தக் கம்பெனியில் இருந்தவரை என்னை ஒரே ஆள்தான் நினைத்துக்கொண்டிருந்தார் என்று சொல்ல வேண்டும்.

மேடத்துக்குச் சொந்த ஊர் கெலமங்கலம் பக்கம். வீட்டில் தெலுங்கு, மெஷின் லைனில் கன்னடம், எங்களோடு தமிழ், மீட்டிங்கில் இங்கிலீஷ். நான்கு மொழியிலும் பாராட்டுக்கு அவரிடம் சொல் கிடையாது. கேண்டீன்காரர் ஒருமுறை ஆசையோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"மேடம், சாம்பார் எப்படி இருக்குதுங்க?"

"நேத்து மாதிரியே இருக்குது."

"நேத்து எப்படி இருந்துச்சுங்க மேடம்?"

"அத நேத்தே கேட்டிருக்கணும்."

இதைக் கேட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் எனக்கே நெஞ்சு வலித்த நாளில் அந்தச் சாம்பார்ப் பதில்தான் என்னைக் காப்பாற்றியது. ஷெட்டின் நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சுற்றி நின்ற அத்தனை பேரும் டாக்டர் ஆனார்கள். "ஒண்ணுமில்ல, வாயுதான்" என்றான் ஒருவன். "சோடா குடி, சரியாயிடும்" என்றான் இன்னொருவன். மேடம் வந்தார். "என்னன்னு தெரியல. கார்ல ஏறு" என்றார். ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் அவர் ஆறுதலாக ஒரு சொல் சொல்லவில்லை. பயப்படாதே என்றுகூட இல்லை. நான் விக்கிக்கொண்டே, "மேடம், எனக்கு ஒண்ணும் ஆகாதில்ல?" என்று கேட்டேன். "தெரியாதுப்பா" என்றார். சொல்லிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் பார்த்துவிட்டு வாயுதான் என்றார். "எதை வெச்சுச் சொல்றீங்க?" என்று மேடம் அவரைக் கேட்டார். அன்று எனக்கு எடுக்காத டெஸ்ட் இல்லை. கடைசியில் வாயுதான். ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ஓர் ஆள் பக்கத்தில் இருந்தால் எவ்வளவு தைரியமாக இருக்கிறது என்று அன்றைக்குப் புரிந்தது.

புரிந்ததோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். சூளகிரிக்காரர் விஷயம் அதற்கப்புறம் நடந்தது.

சூளகிரியில் சின்னதாகப் பட்டறை வைத்து எங்களுக்கு ஷாஃப்ட் கடைந்து தந்தவர் அவர். ஒரு மழைக்காலத்தில் அவருடைய சரக்கு ஒரு லாட் வந்தது. அளவெல்லாம் சரி. இரும்பின் உள்கட்டில் மேடத்துக்கு ஏதோ சந்தேகம். மஞ்சள் டேக். ஒரு துண்டை வெட்டி வெளி லேபுக்கு அனுப்பினோம். முதல் ரிசல்ட் தெளிவாக இல்லை என்று இரண்டாவது, அது முதலோடு ஒத்துப்போகவில்லை என்று மூன்றாவது. சூளகிரிக்காரர் ஸ்கூட்டரில் நனைந்துகொண்டே வருவார், கேட்டில் நிற்பார், போவார். ஒருநாள் மேடத்தின் முன்னால் வந்து நின்று கைகூப்பினார்.

"பச்சை வேணாங்க மேடம். சிவப்பாவது குடுங்க. எடுத்துட்டுப் போயி அழுதுட்டு அடுத்த வேலையப் பாக்கறேன். இப்படி நடுவுல நிக்க வெச்சீங்கன்னா நான் எந்தப் பக்கம் போறதுங்க?"

"சிவப்பு குடுக்க எங்கிட்ட ஆதாரம் இல்லையே" என்றார் மேடம். நிஜமான வருத்தத்தோடு சொன்னார்.

கடைசி ரிசல்ட் வந்தது. இரும்பில் ஒரு குறையும் இல்லை. பச்சை டேக்கை எடுத்துக்கொண்டு நானும் மேடமும் ஷெட்டுக்குப் பின்னாலிருந்த கம்பி அடைப்புக்குப் போனோம். தார்ப்பாயை விலக்கினேன். ஓசூர்ச் சாரலில் அத்தனை ஷாஃப்டும் செங்காவி பூத்துக் கிடந்தது. துரு.

மேடம் ஒன்றை எடுத்துப் பார்த்தார். விரலில் ஒட்டியதைப் பார்த்தார். "வரும்போது ஓகே" என்றார். பச்சை டேக் என் கையிலேயே இருந்தது. எங்கே கட்டுவது என்று தெரியாமல் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மேடத்துக்கு ஒரே மகன், கிரண். பெங்களூருவில் எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் வேலை, அங்கேயே ரூம். வீட்டில் அவரைத் தவிர யாருமில்லை. கிரண் பள்ளிக்கூட நாளிலேயே சனிக்கிழமை பஸ் பிடித்துப் பெங்களூரு போய்ச் செல்லோ கற்றுக்கொண்டவன். செல்லோ என்பது வயலினுக்குப் பெரியண்ணன். தோளில் தாங்காது, தரையில் நிறுத்தி முழங்காலுக்கு நடுவே பிடித்து வாசிக்க வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு ஏறும் பையனைப் பார்த்து, "ஃபுல் டிக்கெட் எடு, ரெண்டு பேருக்கு" என்று கண்டக்டர்கள் கலாட்டா செய்வார்களாம்.

கிரண் ஒரு பழைய ஐரோப்பியக் கம்போசரைப் பிடித்துக்கொண்டான். அந்த ஆள் பெயரைக் கிரண் ஒரு மாதிரி சொல்வான், மேடம் ஒரு மாதிரி சொல்வார், நான் சொல்வதே இல்லை. மிகப் பெரிய கம்போசர் ஒருவர் வாழ்ந்த காலத்தில், அதே ஊரில் வாழ்ந்து தொலைத்தவர். செல்லோவுக்குச் சில கான்செர்ட்டோ எழுதினார். கான்செர்ட்டோ என்றால் ஒருவர் முன்னால் தனியாக வாசிப்பார், பின்னால் ஒரு கூட்டம் இருக்கும். தனி ஆள் ஒன்று சொல்வார், கூட்டம் ஒத்துக்கொள்ளும், அல்லது எதிர்த்துப் பேசும், அல்லது கண்டுகொள்ளாது. எங்கள் மாதாந்திர ரிவ்யூ மீட்டிங் அப்படியே. அவர் எழுதியது எதையும் யாரும் மோசம் என்று சொல்லவில்லை. நல்லது என்றும் சொல்லவில்லை. ஏதோ ஒரு மாளிகையின் பரணில் போட்டுவிட்டார்கள்.

"அவரையும் எவனோ ஹோல்டுல வெச்சுட்டான் மேடம்" என்றேன் நான், ஜோக்காக. மேடம் சிரிக்கவில்லை.

ஏனென்றால் அதற்குள் விஷயம் முற்றியிருந்தது. கிரண் பெங்களூரு நண்பர்களைச் சேர்த்து, ஒரு சர்ச் ஹாலில் அந்தக் கான்செர்ட்டோ ஒன்றை வாசித்துப் பதிவு செய்திருந்தான். வெளிநாட்டில் ஒரு செல்லோ ஆசிரியர் அதைக் கேட்டுவிட்டு, வேலையை விட்டுவிட்டு வந்தால் தன்னிடம் சேர்த்துக்கொள்வதாக எழுதியிருந்தார். கிரண் பதிவை அம்மாவுக்கு அனுப்பினான். "எல்லாரும் சூப்பர்ன்னுதாம்மா சொல்றாங்க. எனக்கு அது வேணாம். நீ கேட்டுட்டுச் சொல்லு. நல்லா இல்லைன்னா இங்கயே வேலையப் பாத்துக்கிட்டு இருந்துடறேன். நல்லா இருக்குன்னா போறேன். ஹோல்டுன்னு மட்டும் சொல்லாதம்மா" என்றானாம். பதில் போட வேண்டிய கடைசி நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய வெள்ளி வரை மேடம் வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் மேஜைக்கு வந்தார். "ஞாயித்துக்கெழம காலையில வீட்டுக்கு வா. ஒய்ஃபையும் கூட்டிட்டு வா. ஒரு ஸ்டடி பண்ணணும்."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பொருளை அளப்பதற்கு முன்னால் அளப்பவனை அளக்க வேண்டும். ஒரு ஷாஃப்டைக் கொடுத்து அளக்கச் சொல்வார்கள். கொஞ்ச நேரம் கழித்து, அதே ஷாஃப்ட் என்று சொல்லாமல் நம்பரை மாற்றி மறுபடி கொடுப்பார்கள். இரண்டு தடவையும் ஒரே அளவு சொன்னால் உன்னை நம்பலாம். மாற்றிச் சொன்னால் நீ சொல்வது எதற்கும் மதிப்பில்லை. மேடம் இதைச் செல்லோவுக்குக் கொண்டுவந்துவிட்டார். அந்தக் கம்போசரை யாரும் சீந்தாததால் அந்தக் கான்செர்ட்டோவுக்கு உலகத்தில் நான்கு பதிவுகள்தான் இருந்தன. கிரணுடையது ஐந்தாவது. நடுவில் மெதுவாக வரும் பகுதியை மட்டும் யாரையோ வைத்து வெட்டி, ஐந்தையும் இரண்டிரண்டு தடவை, கலைத்துப் போட்டு, பத்து நம்பராகப் போடப்போகிறார். கேட்பவர்கள் மார்க் போட வேண்டும். கேட்பவர்கள் மூன்று பேர்.

"செல்லோன்னா எனக்குத் தெரிஞ்சது டேப்தான் மேடம்" என்றேன்.

"அதுக்குத்தான் நீ. தெரிஞ்சவங்க முன்னாடியே முடிவு பண்ணிட்டு வருவாங்க."

விக்கல் அப்போதே தொடங்கிவிட்டது.

இரவு முழுக்க நான் போட்ட கணக்கு இதுதான். ஐந்தில் ஒன்று மேடத்தின் மகன். அதற்குக் குறைத்துப் போட்டால் திங்கட்கிழமை நான் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? கூட்டிப் போட்டு, அதை நம்பி அந்தப் பிள்ளை வேலையை விட்டுவிட்டுப் போய் வெளிநாட்டில் திண்டாடினால்? என் மனைவி வனஜாவை எழுப்பிக் கேட்டேன்.

"எது தம்பி வாசிச்சதோ அதுக்கு நல்ல மார்க் போட்டுட்டா போச்சு" என்றாள்.

"அது எதுன்னு எப்படிடி தெரியும்?"

"காது எதுக்கு இருக்குதாம்? நம்மூர்ல வாசிச்சா நம்மூர்ச் சத்தம் எதாச்சும் கேக்காதா? ஆரன் சத்தம், நாய் சத்தம், குக்கர் விசில்?"

பாகலூர் ரோட்டில் மேடத்தின் வீடு. ஹாலில் மூன்று நாற்காலிகள், ஒன்றையொன்று பார்க்காதபடி மூன்று திசையில். மூன்றாவது ஆள் எங்கள் கம்பெனி செக்யூரிட்டி சூப்பர்வைசர். ராணுவத்தில் பேண்டு வாசித்தவர். எல்லோரும் சுபேதார் என்றுதான் கூப்பிடுவோம். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"பேசக் கூடாது. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கக் கூடாது. பத்துக்கு எத்தனைன்னு சீட்டுல எழுதி, இந்த டப்பாவுல போடணும்" என்றார் மேடம். "நான் கிச்சன்ல உக்காந்துக்கறேன். என் மூஞ்சி காட்டிக் குடுத்துடும்."

காட்டிக் கொடுக்கும் முகமா அது? பதினைந்து வருஷம் பார்த்திருக்கிறேன். ஹோல்டு டேக்கில்கூடக் கொஞ்சம் பாவனை இருக்கும். இருந்தாலும் என் நாற்காலியிலிருந்து சமையலறைக் கதவு வழியே அவருடைய முதுகு தெரிந்தது. முதுகாவது ஏதாவது சொல்லாதா என்று பார்த்துக்கொண்டேயிருந்தேன்.

முதல் பதிவு ஓடியது. கடைசியில் யாரோ இருமினார்கள். கணீரென்று, சளி கட்டிய இருமல். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அது ஓசூர்க் குளிரில் வரும் இருமல் என்று சத்தியம் செய்வேன். கிரண்தான்! பத்து. அடுத்ததில் இருமல் இல்லை. நான்கு. பாவம், எந்த நாட்டுக்காரரோ.

மூன்றாவது தொடங்கியபோது மேடம் கொடுத்த காப்பி வயிற்றில் இதமாக இறங்கியிருந்தது. கிரண் யார் என்று கண்டுபிடித்தாகிவிட்டதால் விக்கலும் நின்றிருந்தது. செல்லோ தனியாக ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. பின்னாலிருந்த கூட்டம் உடனே வந்து சேரவில்லை. ஷிப்டு மாறும் நேரத்தில் எங்கள் ஷெட்டில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்ற பிறகும், ஒன்று மட்டும் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். நின்றுவிட்டதா ஓடுகிறதா என்று சொல்ல முடியாது. அந்த மாதிரி. மார்க்கை மறந்துவிட்டேன். மேடத்தின் முதுகை மறந்துவிட்டேன். ஜோக்கு ஒன்று யோசித்து வைத்திருந்தேன், அதையும் மறந்துவிட்டேன். முடிந்த பிறகு திடுக்கிட்டு ஒன்பது போட்டேன்.

அதற்குப் பிறகு எனக்குக் குழப்பம் பிடித்துக்கொண்டது. நான்கு போட்டது கிரணாக இருந்தால்? இருமல் ஏமாற்றினால்? விக்கல் திரும்ப வந்தது. சுபேதார் ஏதோ ஒரு பதிவுக்கு விறைப்பாக எழுந்து நின்றார். வனஜா பக்கமிருந்து மெல்லிய குறட்டை மாதிரி ஒன்று வந்தது. எட்டாவதோ ஒன்பதாவதோ ஓடும்போது நான் மூச்சை அடக்கி, மூக்கைப் பிடித்து, தலைகீழாகத் தண்ணீர் குடித்து, சட்டையை நனைத்துக்கொண்டு நின்றேன். அதற்கு மூன்று போட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

மேடம் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் மார்க்கையெல்லாம் லேப்டாப்பில் ஏற்றினார். நாங்கள் மூவரும் பரீட்சை எழுதிய பிள்ளைகள் மாதிரி சோபாவில் வரிசையாக உட்கார்ந்தோம்.

"சுபேதார்" என்றார் மேடம். "எதுல சத்தம் ஜாஸ்தியோ அதுக்கு ஜாஸ்தி மார்க் போட்டிருக்கீங்க."

"வாத்தியம்னா கேக்கணும் மேடம். நான் கடைசி வரிசையில நின்னு வாசிச்சவன்."

"வனஜா, நீ பத்துக்கும் ஏழு போட்டிருக்க."

"ஆமாங்கக்கா. எல்லாரும் பாடுபட்டுத்தானே வாசிச்சிருக்காங்க? ஒருத்தருக்குக் கூட்டி ஒருத்தருக்குக் குறைச்சா பாவமில்ல?"

மேடம் என்னைப் பார்த்தார். "இருமல் வர்ற ரெக்கார்டிங்குக்கு ரெண்டு தடவையும் பத்து போட்டிருக்கியே, எதை வெச்சு?"

"இருமல்..." என்றேன். "நம்ம ஊரு இருமல் மாதிரி..."

"அது ஐரோப்பாவுல கச்சேரி நடக்கும்போது எடுத்தது. வாசிக்கறவருக்கு எண்பது வயசுக்கு மேல." கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். "இன்னொண்ணுக்கு மொதல் தடவ ஒம்போது. அதே ரெக்கார்டிங்குக்கு ரெண்டாவது தடவ மூணு."

விக்கலே பதில் சொன்னது.

"ஒங்கள வெச்சு எதையும் அளக்க முடியாது" என்றார். கோபமே இல்லை. "தப்பு உங்க மேல இல்ல. அளவுகோல் சரியில்ல."

அளவுகோல் சரியில்லை என்றால் எங்கள் தொழிலில் என்ன டேக் என்று எல்லோருக்கும் தெரியும். வெளியே ஏதோ கம்பெனி பஸ் ஞாயிற்றுக்கிழமை ஷிப்டுக்கு ஆள் ஏற்ற ஆரன் அடித்துக்கொண்டிருந்தது. மேடம் லேப்டாப்பை மூடவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

மேஜை மேலிருந்த அவருடைய ஃபோன் அடித்தது. கிரண். மேடம் அதைப் பார்த்தார். எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, என் கையில் கொடுத்துவிட்டார்.

"நீ பேசு."

"நானா? நான் என்ன மேடம் பேசறது?"

"அம்மா?" என்றது ஃபோன்.

"நான் அங்கிள் பேசறேன் கிரண். விக்... ஒண்ணுமில்ல, விக்கல்."

"அங்கிள், அம்மா கேட்டாங்களா? என்ன சொல்றாங்க?"

நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காதோரம் முடி விலகியது. அப்போதுதான் பார்த்தேன். காலையிலிருந்து முதுகையே பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண்ணில் படாதது. காதுக்குள் மஞ்சளாக ஏதோ இருந்தது. எங்கள் பிரஸ் ஷாப்பில் சத்தம் தாங்காமல் போட்டுக்கொள்வோமே, அந்தப் பஞ்சு இயர் பிளக். ஒரு காதில்தான் இருந்தது. எங்களோடு பேசுவதற்காக மற்றதைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். காலை முழுவதும் இரண்டையும் அடைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

இந்த இடத்தில் புத்திசாலி ஒருவன் ஏதாவது சமாளித்திருப்பான். நான் உளறிவிட்டேன்.

"அம்மா இன்னும் கேக்கவே இல்ல கிரண். காதுல பிளக்கு."

வனஜா என் தொடையில் கிள்ளினாள். சுபேதார் மேற்கூரையை ஆராய்ந்தார்.

"ஒரு தடவ கூடவாம்மா?" என்றான் கிரண்.

மேடம் திரும்பினார். "நான் கேட்டா பாஸ் பண்ணிடுவேன்டா" என்றார். "கேக்காமயே தெரியும் எனக்கு. நீ அஞ்சாவது படிக்கும்போது வாசிச்சியே, அந்தக் கர்புர் சத்தம், அதையே பாஸ் பண்ணிட்டேன் உள்ளுக்குள்ள. என்னை வெச்சு நீ எப்படிப் போவ? நாளைக்கு அங்க போயி கஷ்டப்பட்டேன்னா?"

அவர் அவ்வளவு நீளமாக ஒரே மூச்சில் பேசி நான் கேட்டதில்லை.

"சரிம்மா" என்றான் கிரண். "பிளக்கை எடு. எடுத்துட்டியா? நம்பர் கிடையாது, மார்க்கு கிடையாது. நான்தான். கேளு."

ஃபோனுக்குள் நாற்காலி இழுபட்டது. பிறகு செல்லோ வந்தது. என் கையிலிருந்த சின்ன ஸ்பீக்கரில் அது செல்லோ மாதிரியே இல்லை. டப்பாவுக்குள் வண்டு சுற்றுகிற மாதிரி இருந்தது. கூட்டம் இல்லை, பதில் சொல்ல ஆள் இல்லை. தனி ஆள் சொல்வது மட்டும் வந்துகொண்டிருந்தது. நடுவில் அவன் மாடியில் யாரோ தண்ணீர் மோட்டார் போட்டார்கள். அவன் நிறுத்தவில்லை. நான் ஃபோனைத் தாம்பாளம் மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றேன். விக்கல் வந்தால் செத்தோம் என்று மூச்சைப் பிடித்திருந்தேன். மேடம் இரண்டு பிளக்கையும் உள்ளங்கையில் வைத்து நசுக்கிக்கொண்டேயிருந்தார். நசுக்கிவிட்டால் அது மெதுவாக மறுபடி உப்பும். மறுபடி நசுக்குவார்.

முடிந்தது. கிரண் காத்திருந்தான். மோட்டார் ஓடியது.

எனக்குத் தாங்கவில்லை. யாரும் கேட்காமலேயே, "மேடம்... சூளகிரி லாட்டு..." என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. கம்பெனியில் யாரும் அவர் முன்னால் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு டேக் நிறம் கிடையாது. பிறகு ஃபோனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"கிரண், ஃபோன்ல கேட்டு எதுவும் சொல்ல முடியாது."

"தெரியும்மா."

"வாசிப்பு ஹோல்டுல இருக்கட்டும்." நிறுத்தினார். "நீ கெளம்பு."

"நல்லா இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்தவன் பாதியில் சிரித்துவிட்டான். சிரிப்பு மாதிரிதான் கேட்டது. "சரிம்மா. கெளம்பறேன்."

ஃபோனை வைத்ததும் மேடம் சமையலறைக்குப் போய் எங்களுக்குத் தட்டு எடுத்து வைத்தார். வனஜாவுக்கு மட்டும் பொறுக்கவில்லை. "அக்கா, இதுல எதுங்கக்கா தம்பியோடது?" என்றாள்.

மேடம் சாதம் போட்டுக்கொண்டே என் பக்கம் கரண்டியைக் காட்டினார். "இவரு ஒம்போதும் மூணும் போட்டாரே, அது."

கிரண் போனான். அங்கே ஏதோ ஒரு சின்ன ஊரின் இசைக்குழுவில், பின்வரிசையில் வாசிப்பதாகக் கேள்விப்பட்டேன். அது உயர்வா தாழ்வா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மேடம் ரிட்டயர் ஆகிப் போன பிறகு அவருடைய நம்பர் மாறிவிட்டது. கெலமங்கலத்தில் தங்கை வீட்டில் இருக்கிறார் என்கிறான் ஒருவன், மகனிடம் போய்விட்டார் என்கிறான் ஒருவன். எதை வெச்சுச் சொல்ற என்று இரண்டு பேரையும் கேட்டேன். இரண்டு பேரிடமும் ஆதாரம் இல்லை.

கிரணின் அந்தப் பதிவு என் ஃபோனில் இருக்கிறது. கிருஷ்ணகிரி போகும்போது பஸ்ஸில் காதில் மாட்டிக்கொள்வேன். ஓசூர் தாண்டி, செல்லோ தனியாக நிற்கும் இடம் வரும்போது கண்டிப்பாக ஒன்பது என்று தோன்றும். கிரண், சரியாத்தான்டா போனே என்று சந்தோஷமாக இருக்கும். சூளகிரி ஸ்டாப்பில் பஸ் நிற்கும். கூட்டம் ஏறும், யாராவது என் காலை மிதிப்பார்கள், பாட்டு அதே பாட்டுதான், மூன்றுக்கு மேல் ஒரு மார்க்கும் போட மனசு வராது. ஐயோ, அந்தப் பிள்ளையை அனுப்பிவிட்டோமே என்று நெஞ்சு அடைக்கும். கிருஷ்ணகிரியில் இறங்கும்வரை விக்கிக்கொண்டே போவேன். திரும்பி வரும்போது மறுபடி கேட்பேன்.